மறுபக்கக் கதவு

பல் கட்டும் மேசையிலேயே
இரவு பத்துக்கு மேல் கார் செய்கிறேன்.
கருவிகளும் அவையேதான்:
கடைவாய்ப் பல்லைத் தேய்க்கும் துரப்பணம்,
மெழுகு செதுக்கும் கத்தி,
பல்லுக்குக் கம்பி வளைக்கும் குறடு.
ரஃபேலா ஊருக்கே இது தெரியும்.
"இல்டா, என் மாமியார் பல்செட்டில்
சிவப்புப் பெயிண்ட்" என்று
பேக்கரி வரிசையில் வைத்துக் கேட்டாள் ஒருத்தி.

எவாரிஸ்தோ பெர்கேசியோ வந்தது ஜூலையில்,
குழாய்த் தண்ணீர் உறைந்த காலை.
சட்டைப்பையிலிருந்து ஒரு புகைப்படம்.
கறுப்பு வெள்ளை. ஐம்பத்தாறாம் வருஷப் பந்தயம்.
சோளக்காட்டு ஓரத்தில் கூப்பே ஒன்று
மல்லாந்து கிடக்கிறது,
நாலு சக்கரமும் வானத்தைப் பார்த்து.
எண் முப்பத்தெட்டு, தலைகீழாய்.

"இதை நிமிர்த்தித் தரவேண்டும்" என்றார்.
"அன்று காலை எப்படி நின்றதோ அப்படி."

நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு அளவில்
கடையில் கிடைத்தது ஒன்று,
மணப்பெண் மாதிரி மினுங்கிக்கொண்டு.
அடியில் இருந்த ஆணி இரண்டையும் குடைந்து எடுத்தேன்.
பெயிண்ட் கரைக்கும் திரவத்தில் போட்டதும்
காய்ச்சிய பாலின் ஆடை போலச்
சுருங்கி எழும்பியது சிவப்பு.
உள்ளே சாம்பல் உலோகம்.
எனக்கு அது பழக்கமான நிறம்,
நாளெல்லாம் வாய்களுக்குள் பார்ப்பது.

மட்கார்டுகளை அறுத்தேன், பந்தயத்துக்கு அவை பாரம்.
பின்னால் பெரிய எண்ணெய்த் தொட்டி.
பானெட்டை இறுக்கும் தோல்வாருக்கு
என் கையுறையில் ஒரு விரல் போயிற்று.
எட்டின் இடுப்பு நாலு முறை பிசகியது.

படத்தில் நிறம் இல்லையே, என்ன நிறம்?
"பச்சை."
என்ன பச்சை?
யோசித்தார். மாத்தே குடுவையை என் பக்கம் நீட்டினார்.
"இரண்டாம் தண்ணீர் ஊற்றினால் வருமே, அது."
ஏழு கலவை கலக்கினேன்.

ஓட்டும் இடத்தில் இவர்.
பக்கத்து இருக்கையில் தம்பி, டெல்மோ,
பத்தொன்பது வயது,
பெட்ரோல் அழுத்தத்தைக் கைப்பம்பில் ஏற்றுவது அவன் வேலை.
இதைச் சொல்லும்போது
கட்டைவிரல் தானாகக் காற்றில் ஏறி இறங்கியது அவருக்கு.

வேலை முக்கால் முடிந்திருந்தது.
உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்
"இந்தக் கதவு திறக்குமா?" என்றார்.
இந்த அளவில் திறக்காது, ஐயா,
கதவு என்பது ஒரு கோடு மட்டும்தான்.

"அன்றும் அப்படித்தான்" என்றார்.

அவர் போனபின்
புகைப்படத்தை உருப்பெருக்கிக்கு அடியில் வைத்தேன்.
மறுபக்கக் கதவின் கைப்பிடியைச் சுற்றி
பெயிண்டே இல்லை.
கடப்பாரை நெம்பிய தடங்கள்,
ஒன்றின்மேல் ஒன்றாக.

ஒன்பது இரவுகள் அந்தக் கோட்டை அறுத்தேன்.
ரம்பம் ஆறு முறிந்தது.
வெட்டி எடுத்த கதவு வளைந்துவிட,
பித்தளைத் தகட்டில் இன்னொன்று.
கீலுக்குப் பல் கம்பி,
பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கென்று வாங்கியதில் மிச்சம்.
திருமதி சனேத்தி அந்த ஞாயிறு
பேரன் திருமண விருந்துக்குப்
பொக்கை வாயோடு போனார். என்னால்தான்.
டாக்டர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எவாரிஸ்தோவின் நகம் தடிமன், இடுக்கில் நுழையவில்லை.
என் மெழுகுக் கத்தியைக் கொடுத்தேன்.
திறந்தார்.
மூடினார்.
திறந்தார்.
கதவோரம் மயிரிழை இடைவெளி விட்டிருந்தது,
தொழிற்சாலைச் சுத்தம் இல்லை;
அதற்கு ஒரு மன்னிப்பு தயாராக வைத்திருந்தேன்.
அவர் கேட்கவில்லை.

"பச்சை கொஞ்சம் தூக்கல்" என்றார்.
கசங்கிய நோட்டுகளை மூன்று முறை எண்ணி வைத்தார்.
கதவு திறந்திருந்தால் பெட்டி மூடாது என்றேன்.
பெட்டி வேண்டாம் என்றார்.

ஜன்னல் வழியே பார்த்தேன்:
பேருந்துப் படியில் கைப்பிடி பிடிக்காமல் ஏறுகிறார்,
இரண்டு கைகளும்
அதைச் சுற்றியே இருந்தன.

வளைந்த கதவு என் இழுப்பறையில்
யார் யாருடைய பல் அச்சுகளோடோ கிடக்கிறது.
அன்று இரவு உட்கார்ந்து
திருமதி சனேத்தியின் பற்களை முடித்தேன்.